மார்க்சா, டர்க்கைமா: சமூகவியல் கேள்வி பதில்

கேள்வி: நெட் தேர்வுக்குப் படிக்கிறேன் சார். மார்க்சியம், செயல்பாட்டுவாதம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

பதில்: ஒரு வழக்கமோ நிறுவனமோ நீடித்து நிற்கிறதென்றால் அது சமூகம் முழுவதற்கும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்று பார்ப்பது செயல்பாட்டுவாதம், பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைம் அதற்கு முன்னோடி. நிலமும் ஆலையும் யார் கையில் இருக்கின்றன, யார் உழைக்கிறார்கள், விளைந்ததை யார் எடுத்துப்போகிறார்கள் என்று தொடங்குவது மார்க்சியம். தேர்வுக்கு இது போதும். கைடுகளில் 'ஒன்று ஒற்றுமை, இன்னொன்று மோதல்' என்று கட்டம் போட்டிருப்பார்கள், அதை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் வண்ணார், நாவிதர், தச்சர் எல்லோருக்கும் அறுவடையின்போது களத்திலேயே நெல் அளந்து கொடுத்துவிடுவார்களாம். யாரும் பட்டினி கிடந்ததில்லை என்பார். இதைப் போய்ச் சுரண்டல் என்கிறார்களே, நியாயமா?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். வில்லியம் வைசர் என்ற அமெரிக்க மிஷனரி வட இந்தியக் கிராமம் ஒன்றில் தங்கி, அங்கே கண்ட இதே ஏற்பாட்டை 1936இல் புத்தகமாக எழுதினார். ஜஜ்மானி முறை என்ற பெயர் ஆய்வுலகில் நிலைத்தது அதனால்தான். குயவர் பானை கொடுக்கிறார், நாவிதர் முடி வெட்டுகிறார், தச்சர் ஏர் செய்து தருகிறார், எல்லோருக்கும் தானியம் போகிறது, ஆக ஒருவருக்கொருவர் துணை என்ற சித்திரம். செயல்பாட்டுவாதிகளுக்கு இது அல்வா மாதிரி. 1959இல் பெய்டல்மன் என்ற மானிடவியலாளர் இதை உடைத்தார். அவர் கேட்டது எளிமையான விஷயம்: நிலம் யாருடையது? நிலம் வைத்திருப்பவர் நாவிதரை மாற்றிக்கொள்ளலாம், நாவிதரால் நிலக்காரரை மாற்ற முடியுமா?

நம் பக்கத்துக்கு வருவோம். 1951 முதல் 1953 வரை தஞ்சாவூர்க் கிராமங்களில் களப்பணி செய்தவர் கேத்லீன் கஃப். செயல்பாட்டுவாதம் ஓங்கியிருந்த பிரிட்டிஷ் மானிடவியல் மரபில் பயின்று வந்த அவர், பின்னாளில் வெளிப்படையாகவே மார்க்சியராக எழுதினார். பண்ணையாள், குத்தகைதாரர், மிராசுதார் என்று டெல்டாவில் இருந்த உறவுகளைப் பார்த்தால் அந்த மாற்றம் ஒன்றும் அதிசயமில்லை. உங்கள் தாத்தா சொன்ன அதே களத்தில் மரக்கால் யார் கையில் இருந்தது, தலை தட்டி அளந்தார்களா குவித்து அளந்தார்களா, குறைத்து அளந்தால் 'ஏன்' என்று கேட்கும் தைரியம் யாருக்கு இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள்.

தாத்தா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் குறைந்த வருஷத்திலும் களத்தில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்ற உறுதி நிஜமானது, ரொக்கக் கூலி வந்தபோது அந்த உறுதி போனதும் நிஜம்தான். ஆனால் அந்த உறுதிக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்பது செயல்பாட்டுவாதியின் கண்ணில் படவில்லை.

கேள்வி: டாக்டருக்கு அதிகச் சம்பளம், துப்புரவுப் பணியாளருக்குக் குறைவு. திறமைக்கு ஏற்ற கூலி கொடுத்தால்தானே நல்லவர்கள் படித்து வருவார்கள்?

பதில்: நீங்கள் சொல்வதைத்தான் செயல்பாட்டுவாதிகளான டேவிஸ், மூர் இருவரும் 1945இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மெல்வின் டூமின் என்ற சமூகவியலாளர் 1953இல் பதில் கொடுத்தார்: எந்த வேலை முக்கியம் என்று எதை வைத்து அளக்கிறீர்கள்? பொறியாளர் இல்லாமல் ஆலை ஓடாது, சரி, சாதாரணத் தொழிலாளி இல்லாமல் மட்டும் ஓடுமா? அப்புறம், டாக்டர் சீட்டுக்குப் போட்டி போடவே எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடிகிறது என்பது தனிக் கதை. என் கணக்கில் இந்த விவாதம் அப்போதே முடிந்துவிட்டது, பாடப்புத்தகங்கள்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடம் முதலாளிகளுக்கு அடங்கின தொழிலாளியைத் தயார் செய்கிறது என்று படித்தேன். என் வகுப்பில் யாரும் அடங்குவதே இல்லையே!

பதில்: டீச்சர், இதே சிக்கலைத்தான் பால் வில்லிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1977இல் எடுத்தார். அதற்கு முந்தைய வருஷம் பவுல்ஸ், கின்டிஸ் என்ற அமெரிக்க மார்க்சியர்கள் எழுதிய நூல் நீங்கள் படித்த கருத்தைத்தான் சொன்னது: மணி அடித்தால் உட்கார், மேலே இருப்பவர் சொன்னால் கேள், பள்ளியிலும் ஆலையிலும் ஒரே ஒழுங்கு. வில்லிஸ் இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் 12 பையன்களோடு பழகினார். அவர்கள் வாத்தியாரைக் கேலி செய்தார்கள், வகுப்பைக் கட் அடித்தார்கள், ஒழுங்காகப் படிக்கிறவனை நக்கல் அடித்தார்கள். எல்லோரும் படித்தாலும் எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்கப்போவதில்லை என்பது அவர்களுக்கு வாத்தியாரைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கடைசியில் அந்த முரட்டுத்தனமே அவர்களை அப்பாக்கள் நின்ற அதே ஆலைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரும் அடக்கவில்லை, தாங்களாகவே சந்தோஷமாகப் போனார்கள். பள்ளியின் 'செயல்பாடு' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு, மார்க்சியரானாலும் சரி, இது பிடிபடாது. உங்கள் கடைசி பெஞ்சு என்ன பேசிக்கொள்கிறது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தோழர், செயல்பாட்டுவாதம் என்பது இருப்பதற்கெல்லாம் வக்காலத்து வாங்குவதுதானே? இதை ஏன் இவ்வளவு மதிக்கிறீர்கள்?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன் தோழர். செயல்பாட்டுவாதத்தின் பெரிய தலையான அமெரிக்கர் பார்சன்ஸைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே முகாமைச் சேர்ந்த ராபர்ட் மெர்ட்டன் 1949லேயே, ஒரு வழக்கம் ஒரு கூட்டத்துக்கு உதவி இன்னொரு கூட்டத்துக்குக் கேடாக இருக்கலாம், ஆகவே யாருக்கு என்று சொல்லாமல் பயன் என்று சொல்லாதே என்று எழுதிவிட்டார். அதை வைத்து ஹெர்பர்ட் கேன்ஸ் 1972இல் வறுமையின் 'பயன்களை'ப் பட்டியலே போட்டார்: அழுக்கு வேலைக்கு மலிவாக ஆள் கிடைக்கிறது, யாரும் வாங்காத பழைய சரக்கு விலைபோகிறது, ஏழைகளுக்குச் சேவை செய்யும் உத்தியோகங்கள் பிழைக்கின்றன. வக்காலத்தா அது? சவுக்கடி.

மார்க்சியர்களான நம் பக்கத்துக் குறையையும் பாருங்கள். மதம், பள்ளி, குடும்பம் எதைக் கேட்டாலும் 'முதலாளித்துவத்துக்குத் தேவை, அதனால் இருக்கிறது' என்று சொல்லும்போது நாமும் செயல்பாட்டுவாதம்தான் பேசுகிறோம், சமூகம் என்ற இடத்தில் முதலாளி என்று போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒன்று பயனுள்ளது என்று காட்டுவதால் அது எப்படி உண்டானது என்று விளக்கியதாகிவிடாது, இதை டர்க்கைமே 1895இல் எச்சரித்திருக்கிறார். ஜி. ஏ. கோஹன் என்ற மார்க்சியத் தத்துவவாதி மட்டும் 1978இல் நேர்மையாக, ஆமாம், மார்க்சின் வரலாற்று விளக்கம் செயல்பாட்டு விளக்கம்தான், அதில் தவறில்லை என்று வாதாடினார். ஜான் எல்ஸ்டர் அவரோடு சண்டைக்குப் போனார். நான் எல்ஸ்டர் பக்கம்: தேவை இருந்தது என்றால் போதாது, அந்தத் தேவையை யார், எந்தச் சட்டத்தால், எந்த அடிதடியால் நிறைவேற்றிக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டும்.

கேள்வி: 1991இல் சோவியத் உடைந்தபோதே மார்க்சியமும் முடிந்ததுதானே?

பதில்: ஒரு அரசு விழுந்தது. கூலிக்கும் லாபத்துக்கும் உள்ள இழுபறி விழவில்லை.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் அண்ணா?

பதில்: மார்க்சின் 'மூலதனம்' நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் சரக்கு அத்தியாயத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள். வேலைநாள் பற்றிய அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள், ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை வைத்தே மார்க்ஸ் எழுதியிருப்பார், கதை மாதிரி ஓடும். டர்க்கைமில் தற்கொலை பற்றிய 1897 நூல். பார்சன்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சி. ரைட் மில்ஸ் 1959இல் அவருடைய நீளநீளமான பகுதிகளைச் சில பத்திகளாகச் சுருக்கிக் கிண்டல் செய்திருக்கிறார், அவசரத்துக்கு அந்தச் சுருக்கமே போதும்.