ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: டிஸ்க்கைப் பிரிப்பது பற்றிக் கேள்வி பதில்

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்துக்கொள்வது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, "போட்டுவிட்டேன், இப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய?" என்ற ரகம். லினக்ஸை நிறுவும் அந்த அரை மணி நேரத்தில் தவறு நடப்பது குறைவுதான். அதற்கு முன்னால் செய்யாமல் விட்ட வேலைதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே நீங்கள் பேக்கப் எடுத்துவிட்டீர்கள் என்று நம்பிச் சொல்பவை. எடுக்கவில்லையா? முதலில் போய் எடுத்துவிட்டு வாருங்கள், பதில் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கூடவே உபுண்டு லினக்ஸ் போட ஆசை. எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்? அதோடு, 512 என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 476 என்று காட்டுகிறதே, மீதி எங்கே?

மீதி எங்கும் போகவில்லை. டிஸ்க் செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்குகிறது, அது 107 கோடிக்கு மேல் வரும். அளவுகோல்தான் வேறு, துணி அதே துணி.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி, உபுண்டுவுக்கு 25 ஜிபி என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதை நம்பி 64 ஒதுக்கினால் இரண்டாவது பெரிய அப்டேட்டிலேயே மூச்சுத் திணறும். என் கணக்கில் விண்டோஸுக்கு 150-க்குக் குறையக் கூடாது, லினக்ஸுக்கு 60 முதல் 100 வரை நிம்மதி. எதில் அதிக நேரம் உட்காருவீர்களோ அதற்குத் தாராளமாகக் கொடுங்கள். காரணம், பின்னால் மாற்றுவது தொல்லை. பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் வகுத்த ஒரு பகுதியின், வால் பக்கத்தை நீட்டுவது சுலபம். தலைப் பக்கத்தை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கும் மொத்தத் தரவையும் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். லினக்ஸ் வழக்கமாக விண்டோஸுக்கு வலப்புறம் உட்காருவதால், அதைப் பெரிதாக்க நினைக்கும்போதெல்லாம் இந்தத் தலைவலிதான் வரும். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் கதை முடிந்தது.

கேள்வி: சார், சி டிரைவில் 90 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, 380-க்கு மேல் காலி. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவைச் சுருக்க ஷிரிங்க் வால்யூம் கொடுத்தால் 40 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்கிறது. ஏன்?

எல்லாரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் சுவர் இது. காலி இடம் எவ்வளவு என்பதை விண்டோஸ் பார்ப்பதில்லை. டிரைவின் கடைசியிலிருந்து முன்னோக்கி நடந்து வருகிறது. நகர்த்த முடியாத முதல் கோப்பு எங்கே வழிமறிக்கிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது. வழிமறிப்பவை பெரும்பாலும் நான்கு: பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது உதவுவது), ஹைபர்னேஷன் கோப்பு (தூங்கும்போது ரேமில் இருப்பதை எழுதி வைப்பது), சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்து வைத்த பிரதிகள், கோப்புகளின் பேரேடான மாஸ்டர் ஃபைல் டேபிளின் துண்டுகள்.

எது தடுக்கிறது என்று ஊகிக்கவே வேண்டாம், விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஒருமுறை ஷிரிங்க் முயன்றுவிட்டு, ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசியாக மறித்த கோப்பின் பெயர் அதில் இருக்கும்.

அப்புறம் வேலை எளிது. ஹைபர்னேஷனை அணையுங்கள், அந்தக் கோப்பே மறைந்துவிடும். பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக 'இல்லை' என்று வையுங்கள். சி டிரைவுக்கு சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்திப் பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை அழியுங்கள். ரீஸ்டார்ட். மறுபடி ஷிரிங்க் கொடுத்துப் பாருங்கள், 40 என்று பிடிவாதம் பிடித்த அதே பெட்டி 200, 300 என்று இறங்கி வரும். வேலை முடிந்ததும் மூன்றையும் பழையபடி திருப்பி வைக்க மறக்காதீர்கள். பேஜ் ஃபைல் இல்லாமலே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு 'கணினி தொங்குகிறது' என்று வந்தவர்கள் உண்டு.

அந்தப் பெட்டி எம்பியில் கேட்கும். 100 ஜிபி வேண்டும் என்றால் 102400 என்று போட வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சுற்று எதற்கு அண்ணா? லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து இழுத்துவிட்டால் ஒரே நிமிட வேலை இல்லையா?

இல்லை என்று சொல்ல மாட்டேன், பல முறை சரியாகவே நடக்கும். ஆனாலும் என் பழக்கம் வேறு: விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ்-ஐச் சுருக்குவது விண்டோஸின் வேலை, லினக்ஸ் பார்ட்டிஷனை உருவாக்குவது லினக்ஸின் வேலை. அவரவர் வேலியை அவரவரே நகர்த்தினால் எல்லைத் தகராறு வராது. சுருக்கியதும் கிடைக்கும் இடத்தை அப்படியே காலியாக, 'அன்அலோகேட்டட்' என்று விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே அதில் டி டிரைவ் ஒன்று உருவாக்கி, அதை லினக்ஸுக்குக் கொடுக்கலாம் என்று போகாதீர்கள். லினக்ஸின் நிறுவி தேடுவது காலி இடத்தை.

கேள்வி: லினக்ஸ் போட்ட மறுநாள் விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த எண்ணும் வைக்கவே இல்லையே!

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே புதிய கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுவது சகஜம். பூட் ஆகும் வழியில் ஏதாவது மாறினால், உதாரணமாக செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட பூட் நிரல்களை மட்டும் ஓடவிடும் காவல்) அணைத்தால், அந்தக் குறியாக்கத்தைச் செய்யும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு மீட்புச் சாவி கேட்கும். வேறொரு கணினியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். எங்குமே இல்லை என்றால் உள்ளே இருப்பதை யாராலும் திறக்க முடியாது.

இனிமேல் செய்யப் போகிறவர்கள் எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்தச் சாவியை அதே கணினியின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த ஒருவரையும் எனக்குத் தெரியும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

கேள்வி: பழைய மடிக்கணினி. ஏற்கெனவே நான்கு பார்ட்டிஷன்கள் உள்ளன. ஐந்தாவது உருவாக்கப் போனால் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று கேட்கிறது. சரி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அது ஒருவழிப்பாதை மாதிரி. சுலபமாகத் திரும்பி வர முடியாது, அதில் லினக்ஸ் நிறுவுவதும் பெரும்பாடு.

உங்கள் டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது. 1983-ல் பிசி டாஸ் 2.0-வோடு வந்த ஏற்பாடு. டிஸ்க்கின் முதல் செக்டரில் பார்ட்டிஷன் அட்டவணைக்கென்று 64 பைட் ஒதுக்கினார்கள். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், ஆக நான்கு. அன்று அது ஏராளம். அதே அட்டவணையில் முகவரி எழுத 32 பிட்தான் இடம் என்பதால், 512 பைட் செக்டர் கணக்கில் 2 டிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. இப்போதைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு, அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

கணினி யூஈஎஃப்ஐ-ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ஆதரிக்கிறது என்றால் ஜிபிடிக்கு மாறிவிடுவதே நல்லது. விண்டோஸ் 10-ன் 2017 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது, தரவு அழியாமல் மாற்றித் தரும். ஒரு நிபந்தனை: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் வகையும் கூடாது. உங்களிடம் நான்கு என்பதால், தேவையில்லாத ஒன்றைக் காலி செய்துவிட்டு, முதலில் 'வேலிடேட்' மட்டும் ஓட்டிப் பார்த்து, அது சம்மதித்த பிறகு மாற்றுங்கள். முடிந்த கையோடு பயாஸ் அமைப்புத் திரையில் லெகசி என்ற பழைய முறையிலிருந்து யூஈஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது.

யூஈஎஃப்ஐ இல்லாத கணினி என்றால் எம்பிஆர்தான். ஒரு பார்ட்டிஷனை அழித்து அதன் இடத்தில் எக்ஸ்டெண்டட் ஒன்று உருவாக்கி, லினக்ஸை அதற்குள் லாஜிக்கலாகப் போடலாம். லினக்ஸ் முகம் சுளிக்காது.

கேள்வி: லினக்ஸுக்குத் தனியாக இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் இருக்கும் இடம்) வேண்டுமா?

ஒரே டிஸ்க் என்றால் வேண்டாம், விண்டோஸ் உருவாக்கியதே போதும். அது ஃபேட்32-ல் இருக்கும் சின்ன இடம், பல கணினிகளில் 100 எம்பிதான். உள்ளே மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர். லினக்ஸ் போட்டதும் பக்கத்தில் உபுண்டு என்று இன்னொன்று வரும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் பூட்லோடரான கிரப் வைக்க அந்த 100 எம்பியே தாராளம். லினக்ஸின் மையமான கெர்னலையும் அதிலேயே வைக்கும் சிஸ்டம்டி-பூட் மாதிரி ஏற்பாடு என்றால்தான் இடம் இடிக்கும்.

ஆனால் ஒன்று. கைமுறையாகப் பிரிக்கும் திரையில் அந்தப் பார்ட்டிஷனுக்கு எதிரே 'ஃபார்மேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். என் முதல் முயற்சியில், "புதிதாகப் போடுகிறோம், சுத்தமாக இருக்கட்டுமே" என்று அதை டிக் செய்துவிட்டேன். லினக்ஸ் அழகாக வந்தது, விண்டோஸைக் காணோம். சி டிரைவில் ஒரு கோப்புகூட அழியவில்லை, ஆனால் அதை எழுப்பிவிடும் ஆள்தான் இல்லை. விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியில் பூட் செய்து, கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் மூலம் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதினேன். ஒரு நிமிட வேலை, ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு முழுக்கப் போயிற்று.

கேள்வி: உபுண்டு நிறுவியில் என் எஸ்எஸ்டியே தெரியவில்லை. யுஎஸ்பி மட்டும்தான் தெரிகிறது.

இன்டெல் கணினியா? பயாஸில் ஸ்டோரேஜ் பகுதி ஆர்எஸ்டி, ரெய்டு அல்லது விஎம்டி என்று இருக்கும், இவை டிஸ்க்கை இன்டெல் தன் வழியில் கையாளும் முறைகள். அதைப் பொதுவான முறையான ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும், அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும். நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும், அதனால் வரிசை முக்கியம். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் சில சமயம் பின் எண் வேலை செய்யாது, கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: ரூட் (இயங்குதளம்), ஹோம் (சொந்தக் கோப்புகள்), ஸ்வாப் (ரேமுக்குத் துணை) மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமா?

இதில் ஆளுக்கொரு கட்சி. புதியவர் என்றால் எல்லாம் ஒரே ரூட்டில், லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4-ல் இருக்கட்டும். அடிக்கடி டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றுகிறவர் ஹோமைத் தனியாக வைத்தால் லாபம். ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் அவசியமில்லை, உபுண்டு 17.04 முதலே ஸ்வாப் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஹைபர்னேட் செய்கிறவர் மட்டும் ரேம் அளவுக்காவது ஸ்வாப் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் மணிக்கணக்கில் தப்பு.

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, யூடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் நினைக்கிறது. இருவரில் ஒருவரை மாற்ற வேண்டும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது எளிது.

கேள்வி: லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறக்கிறேன். படிக்க முடிகிறது, ஒன்றும் எழுத முடியவில்லை. அனுமதிப் பிரச்சினையா?

அனுமதி இல்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. கெர்னலைப் பாதித் தூக்கத்தில் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. மறுபடி எழும்போது, தான் விட்டபடியே டிரைவ் இருக்கும் என்று நம்புகிறது. இடையில் லினக்ஸ் உள்ளே புகுந்து எழுதினால் கோப்பு அமைப்பே குழம்பிவிடும் என்பதால்தான் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் வழிகள் தேடினால் கிடைக்கும், தேடாதீர்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் அதனால் மிச்சமாவது சில நொடிகள்தான்.

இரண்டிலும் வேண்டிய பாட்டு, படம், ஆவணங்களுக்குத் தனியாக ஓர் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் வைத்துக்கொண்டால் சி டிரைவைத் தொடவே வேண்டியிருக்காது.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு வரவில்லை, நேராக விண்டோஸ். லினக்ஸ் அழிந்துவிட்டதா?

அனேகமாக இல்லை. பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும். பயாஸில் போய் லினக்ஸை மேலே ஏற்றுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் மட்டும் கொஞ்சம் வேறு: பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் பட்டியலைப் புதுப்பித்ததில், செக்யூர் பூட்டில் ஓடிய பல லினக்ஸ்கள் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று நின்றன. அப்படி வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், பூட்லோடரை அப்டேட் செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, கிரப் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை என்றால், கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பிலேயே அணைந்திருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

கேள்வி: எனக்கு லினக்ஸ் ஒத்துவரவில்லை. அந்த இடத்தைத் திரும்ப சி டிரைவோடு சேர்க்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன், ஆனால் சி-யில் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே இருக்கிறது.

சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும், பாருங்கள். ஒட்டினாற்போல் வலப்பக்கத்தில் இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். லைவ் யுஎஸ்பியில் ஜிபார்ட்டெட் திறந்து, அந்த ரெக்கவரியை வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். சில நூறு எம்பிதான் என்பதால் சீக்கிரம் முடியும். ஆம், மேலே ஜிபார்ட்டெட் வேண்டாம் என்றவன்தான் சொல்கிறேன், இந்த வேலையை டிஸ்க் மேனேஜ்மென்ட் செய்யாது. அப்புறம் விண்டோஸில் எக்ஸ்டெண்ட் தெளிந்துவிடும்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டர் இன்னும் கிடக்கும். கணினி கிரப் கட்டளைத் திரையில் போய் நின்றால் அதனால்தான். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்துவிட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் மேல் கை படக் கூடாது.