ஹைபர்நேட்டில் லிஸ்டின் வரிசை ஏன் கலைகிறது?

நாகர்கோவில், சுசீந்திரம், கொட்டாரம், கன்னியாகுமரி என்று பஸ் நிறுத்தங்களை ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிளில் சேமித்து எடுக்கும் கருவி) வழியாக லிஸ்டாகச் சேமித்தால், திரும்ப எடுக்கும்போது கொட்டாரம் முதலில் வருகிறது என்பதுதானே கேள்வி?

டேபிளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது; வெறும் லிஸ்டை ஹைபர்நேட் ‘பேக்’ (bag, அதாவது வரிசை இல்லாத தொகுப்பு) ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜேபிஏ (ஜாவாவில் டேட்டாபேஸ் சேமிப்புக்கான தரநிலை) 2.0 முதல் உள்ள @ஆர்டர்காலம் (@OrderColumn) என்ற குறிப்பை லிஸ்டுக்குப் போடுங்கள். 0, 1, 2 என்ற எண் டேபிளில் தனி நெடுவரிசையில் (column) பதிவாகும். @ஆர்டர்பை (@OrderBy) வேறு சங்கதி: எடுக்கும்போது அடுக்கித் தரும், அவ்வளவே.

சுசீந்திரம் இருந்த ரோவை நேரடி எஸ்கியூஎல்லில் அழித்தால் 1 விடுபடும். லிஸ்டில் அந்த இடத்தில் ‘நல்’ (null, வெற்று மதிப்பு) உட்கார்ந்துகொள்ளும், லூப் ஓடும்போது அதைத் தொட்டால் நல்பாயிண்டர் எக்ஸப்ஷன் என்ற பிழைதான். எனவே அழிப்பதும் லிஸ்ட் வழியாகவே நடக்கட்டும். நடுவில் புதிய நிறுத்தம் நுழைத்தால் அதற்குப் பின்னுள்ள ரோக்கள் எல்லாம் அப்டேட் ஆகும். பெரிய லிஸ்டுக்கு இது கட்டுப்படியாகாது. 10, 20, 30 என்று இடைவெளி விட்ட சொந்த எண் நெடுவரிசையும் @ஆர்டர்பையும் மேல்.