மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் பீர் செய்யும்போது ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தே ஆகவேண்டுமா?

3 கிலோ திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாற்றைச் சுண்டவைத்த பாகு), 12 லிட்டர் பாத்திரம், செய்யப்போவது 20 லிட்டர் பீர். செய்முறையில் 60 நிமிடம் என்று போட்டிருக்கிறது, அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கிறீர்கள்.

அந்த 60 நிமிடம் ஹாப்ஸுக்காக, அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவுக்காக. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் அப்படியே நீரில் சரியாகக் கரையாது. நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறி, கரைந்து, கசப்பு இறங்கும். அதனால் கசப்புக்கான ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போடுவார்கள். வாசனைக்கானதைக் கடைசி 5 நிமிடத்தில் போட்டால் போதும், முன்னாடியே போட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். உங்கள் டப்பாவில் ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்த்தது என்று எழுதியிருந்தால் இந்த ஒரு மணி நேரமே வேண்டாம். டப்பாவில் சொன்னபடி வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ட்ராக்ட்டைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் வோர்ட்டை (புளிக்கவைக்கும் முன் உள்ள மால்ட் சாறு) சுண்டவைத்துத்தான் டப்பாவில் அடைக்கிறார். அதைத் திரும்ப ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நிறம்தான் கருக்கும். சிறிய பாத்திரத்தில் மொத்தத்தையும் போட்டால் வோர்ட் கெட்டியாக இருக்கும், நிறம் இன்னும் ஏறும், கசப்பும் சரியாக இறங்காது. நான் செய்வது இதுதான்: 8 லிட்டர் நீரில் 1 கிலோவை மட்டும் கரைத்து ஹாப்ஸோடு கொதிக்க வைப்பேன். மீதி 2 கிலோ கடைசி 15 நிமிடத்தில்.

ஒவ்வொரு முறை எக்ஸ்ட்ராக்ட்டை ஊற்றும்போதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அது நேராக அடியில் போய் உட்காரும், தீ எரிந்துகொண்டிருந்தால் அடிப்பிடித்துவிடும். அந்தத் தீய்ந்த வாடை பீரை விட்டுப் போகவே போகாது. அடியைச் சுரண்டிக் கலக்கி, முழுதும் கரைந்த பிறகு பற்றவையுங்கள்.

அப்புறம் பொங்குவது. முதல் கொதி வரும்போது புரதம் நுரையாகத் திரண்டு பாலைப்போல மளமளவென்று ஏறும். ஹாப்ஸ் போட்டவுடன் இன்னொரு முறை ஏறும். மூடி போடாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், தீயைக் குறைத்துக் கொஞ்சம் குளிர்ந்த நீரைத் தெளித்தால் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் நுரை விழுந்து, வெள்ளைத் துணுக்குகள் மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு பயமில்லை. வழிந்தால் அடுப்பைச் சுத்தம் செய்வது தனி வேலை, அவ்வளவு பிசுக்கு. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பை அணைத்ததும் வேகமாக ஆற வைக்க வேண்டும். இனி வோர்ட்டில் படும் எல்லாமே கிருமிநீக்கம் செய்ததாக இருக்கட்டும். பாத்திரத்தை ஐஸ் நீரில் இறக்கி 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, முன்பே கொதிக்கவைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்த நீரால் 20 லிட்டருக்கு நிரப்பினால் 20 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடு சரி. சுடச்சுட இருக்கும்போது ஈஸ்ட்டைத் தூவினால் செத்துவிடும்.

ஈஸ்ட் போடும் முன் ஹைட்ரோமீட்டரில் (நீரை 1.000 என வைத்து வோர்ட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) பாருங்கள். 3 கிலோவுக்கு 1.045 பக்கத்தில் காட்ட வேண்டும். ரொம்பக் குறைவாகக் காட்டினால் பதறி இன்னும் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்துவிடாதீர்கள். பெரும்பாலும் கனமான வோர்ட் அடியிலும் நீர் மேலேயும் நிற்கும். நன்றாகக் கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.