வாசித்ததை லயத்தில் செய்து பார்க்கட்டும்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மகன் உயர்தரம் வணிகப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறான், நாள் முழுக்க போனில் பிஸ்னஸ் புத்தகங்களாகவே வாசிக்கிறான், போன கிழமை அப்பாவைப் பார்த்து "உங்கள் மைண்ட்செட் சரியில்லை, அதனால்தான் இன்னும் மலையிலேயே கிடக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டான், அவர் அன்றைக்கு இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். இந்தப் புத்தகங்களை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தச் சொல்லாதீர்கள். பொகவந்தலாவையில் ஒரு லயத்து அறையில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டில் இருந்துகொண்டு, யாரும் சொல்லாமல், பரீட்சைக்கு இல்லாத ஒரு புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்கிற பிள்ளை கிடைப்பது லேசு இல்லை. ஆனால் அப்பாவிடம் சொன்ன அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அதை முதலில் பார்ப்போம்.

அவன் வாசிக்கிற புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஆபீஸ் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சொந்த அறை உள்ளவருக்கு, தன் நாளைத் தானே பிரித்துக்கொள்ள முடிந்தவருக்கு. அதிகாலை 5 மணிக்கு எழும்பினால் வாழ்க்கை மாறும் என்று அதில் வரும். நீங்கள் 4 மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, எல்லாருக்கும் கட்டி வைத்துவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்குப் போகிறவர். கட்டுப்பாடும் உழைப்பும் மட்டுமே ஆளை மேலே தூக்கிவிடும் என்றால் மலைநாட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாரும் எப்போதோ மேலே போயிருக்க வேண்டும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஒருநாள் சம்பளம் எவ்வளவு என்பதைக் கம்பெனியும் சங்கமும் அரசாங்கமும் எங்கோ உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம்முடைய தாத்தா பாட்டிகளை நாடில்லாதவர்கள் ஆக்கியது. இதில் எதுவும் அவன் அப்பாவுடைய மைண்ட்செட் இல்லை. இதைக் கோபப்படாமல், ஆனால் தெளிவாக, அவனிடம் சொல்லுங்கள். அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். இந்தப் புத்தகங்கள் அநேகமாக ஜெயித்தவர்களை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று பின்னால் தேடுகின்றன. ஜிம் கொலின்ஸ் 2001இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் ஒன்று, சாதாரண நிலையிலிருந்து மிகச் சிறந்த நிலைக்கு வந்தவை என்று 11 கம்பெனிகளைக் காட்டியது. அதில் ஒன்றான சர்க்கிட் சிட்டி 2008இல் வங்குரோத்து ஆனது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அதே வருடம் அமெரிக்க அரசாங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தது. அதனால் புத்தகம் குப்பை என்று சொல்ல வரவில்லை. அதிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது: நல்ல தலைவர் காரியம் சரியாக நடக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்து மற்றவர்களுக்குப் பேர் கொடுப்பார், காரியம் கெட்டால் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். உங்கள் மகனை இந்தப் பகுதியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். போன கிழமை அவன் எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான் என்பது அவனுக்கே புரியும், நீங்கள் வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

சரி, பிரயோசனமாக எதை எடுக்கலாம்? ஒரு புத்தகத்தில் ஒரு பழக்கம், அதுவும் வீட்டிலோ லயத்திலோ இன்னொருவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியான பழக்கம். மற்றதெல்லாம் பிறகு. இருபது புத்தகம் வாசித்து இருபதையும் பேசத் தெரிந்த பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன், நேர்முகத் தேர்வில் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் "நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள்.

நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுப்பது பீட்டர் ட்ரக்கர் 1967இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு வேலை. நேரத்தைத் திட்டமிடுவதற்கு முன்னால், உன் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று எழுதிப் பார் என்கிறார் அவர். ஞாபகத்திலிருந்து இல்லை, நடக்க நடக்க எழுத வேண்டும், மூன்று நான்கு கிழமை தொடர்ந்து. ஒரு சீ.ஆர். கொப்பி, அந்தப் பெரிய கோடு போட்ட நோட்டு போதும். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, தினம் ஆறு மணித்தியாலம் படிக்கிறேன், ஆனாலும் மண்டையில் ஏறவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். எழுதிப் பார்த்தோம். படிப்பு இரண்டு மணித்தியாலம்கூட வரவில்லை. மீதி, பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) தண்ணீர் எடுப்பது, தம்பியைப் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்கு ஓடுவது, அப்புறம் போன். போனைத் தவிர எதுவும் அவள் பிழை இல்லை. கொப்பியை அவளுடைய அம்மா பார்த்தார், அடுத்த நாளிலிருந்து தண்ணீர் எடுப்பது அண்ணனுடைய வேலையாக மாறியது. அந்தப் பிள்ளைக்கு யாரும் மோட்டிவேஷன் கொடுக்கவில்லை, வீட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் மகன் எழுதினால் நீங்களும் உங்கள் நாளை ஒரு கிழமைக்கு அவனிடம் சொல்லி எழுத வையுங்கள். இரண்டு பக்கத்தையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது தலைமைத்துவம். அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு மேடையும் கோட்டும் ஞாபகம் வருகிறது. ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய ஏழு பழக்கங்களில் ஐந்தாவது, முதலில் மற்றவரைப் புரிந்துகொள், பிறகு உன்னைப் புரியவை என்பது. இதை அமெரிக்காவிலிருந்துதான் கற்க வேண்டும் என்று இல்லை. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாவது படித்திருப்பான். வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போய், லயம் லயமாக மக்களுடைய நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் அமைத்தது அதற்குப் பிறகுதான். கேட்பது முதலில், கட்டுவது பிறகு.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடைசியில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், "அவருக்கு மரண உதவிச் சங்கத்துக் கணக்கு வேலையும் இருக்கிறது, பதினொரு வருடமாகப் பொருளாளர்" என்று. அக்கா, பதினொரு வருடம் ஊர்ப் பணத்தை ஒரு சண்டை இல்லாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். யாரிடம் எப்போது கேட்க வேண்டும், சந்தா கட்ட முடியாத வீட்டில் எப்படிப் பேச வேண்டும், நடுராத்திரி சாவு விழுந்தால் யாரை எழுப்ப வேண்டும், இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மாசியில் காமன் கூத்துக்கு ஆள் சேர்த்து, ஒத்திகை பார்த்து, கோபித்துக்கொண்டு போனவனைச் சமாதானம் செய்து மேடை ஏற்றுகிற கூத்து மாஸ்டரும் இப்படித்தான். மகனை மூன்று மாதம் அப்பாவுக்கு உதவியாகப் போகச் சொல்லுங்கள். கணக்கீடு படித்தவன், பேரேடு போடத் தெரியும், பழைய கொப்பிகளை ஒழுங்காக எழுதி வருட அறிக்கை ஒன்று தயாரிக்கட்டும். முதல் ஒரு மாதம் எதையும் மாற்றச் சொல்லாமல் பார்க்கவும் கேட்கவும் மட்டும் வேண்டும், இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்துவதைவிட அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கடுமையாக இருக்க வேண்டும். இந்தப் புத்தகங்களின் பேரைச் சொல்லிக்கொண்டே டவுனில் "லீடர்ஷிப் ட்ரெய்னிங்" என்று ஹோட்டல் மண்டபத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போனால் காசு கட்டச் சொல்வார்கள், பிறகு கீழே ஆள் சேர்க்கச் சொல்வார்கள், அம்மாவின் தோடு அடகுக்குப் போன வீடுகள் எனக்குத் தெரியும். ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி அது இலங்கையில் தடை, அதில் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி இப்படிப்பட்ட நிறுவனங்களின் பேர்ப்பட்டியலும் வெளியிட்டிருக்கிறது, மகனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படிப்பை இதற்காக விடக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் வணிகப் பிரிவுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போகிறது, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இசட் புள்ளி, அதாவது அனுமதிக்குப் பார்க்கிற அந்தப் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் விண்ணப்பத்தைப் போடாமல் விட வேண்டாம். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல் ஏஏடி கணக்கீட்டுப் படிப்பை விசாரிக்கலாம்.

கடைசியாக, ஒரு புத்தகம் வாங்கக் காசு கேட்கிறான், கொடுக்கலாமா என்றீர்கள். கொடுங்கள், ஒன்றுக்கு மட்டும். அடுத்த புத்தகத்துக்கான காசு, சங்கத்து வருட அறிக்கையைக் கூட்டத்தில் அப்பா வாசித்து முடித்த அன்றைக்கு.