தனுஷ்கோடித் துறைக்கு ஓடிய ரயில்: கேள்வி பதில்

காரைக்குடித் தம்பி: அண்ணே, எங்கள் ஐயா 1935 வாக்கில் கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர். 'போட் மெயிலில் போனேன்' என்பாராம். அது ரயிலா, கப்பலா?

இரண்டும்தான் தம்பி. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடித் துறைவரை ரயில் போனது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் நீராவிக் கப்பல். 20 மைல் சொச்சம் கடலைத் தாண்டினால் தலைமன்னார், அங்கிருந்து இலங்கை ரயில். அதற்கு முன்பெல்லாம் தூத்துக்குடி போய், ராத்திரி முழுக்கக் கடலில் ஆட வேண்டும். நம் பக்கத்துக்கு வசதி 1930இல்தான் வந்தது. புதுக்கோட்டை, மானாமதுரை பாதை போட்டபின் காரைக்குடியிலேயே ஏறலாம். உங்கள் ஐயாவும் அப்படித்தான் போயிருப்பார். எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிய தாளில் 'தலைமன்னார்' மட்டும் மிச்சம். மற்றதைக் கரையான் தின்றுவிட்டது. அந்தப் பெட்டியை நான் இன்னும் விடவில்லை.

தேவகோட்டையிலிருந்து: பாலத்தை இலங்கைவரை நீட்டியிருக்கலாமே?

யோசித்தார்கள். செலவு கட்டவில்லை, கப்பலோடு நின்றார்கள்.

கண்டனூர் ஆச்சி: ராமேஸ்வரம் போகிற பாதைதானே அது?

இல்லை ஆச்சி. பாம்பன் ஸ்டேஷனிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, ஒன்று தனுஷ்கோடிக்கு. கோயிலுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று வையுங்கள். பின்னால் ஒன்று நிலைத்து, ஒன்று மறைந்ததற்கு இதுதான் காரணம்.

கோட்டையூரிலிருந்து: புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிப் பாதையை ஏன் திரும்பப் போடவில்லை?

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து அடித்தது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

பாம்பன் பாலமும் சிதைந்தது. ஆனால் ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள், ஏனென்றால் ராமேஸ்வரத்துக்கு ஆட்கள் போயாக வேண்டும். தனுஷ்கோடிக்கு யார் போவது? ஊரே போய்விட்டது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறிற்று. துறைக்காகப் போட்ட பாதை, துறை போனதும் வேலையற்றுப் போனது. ஐம்பது வருஷ ஆயுசு. திரும்பப் போடாதது சரி என்றே நினைக்கிறேன். அந்த மணலில் இன்னொரு ரயிலை நிறுத்த மனசு வராது.

பள்ளத்தூரிலிருந்து: இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியின் சுவர், பவளக்கல்லில் கட்டிய மாதா கோயில். அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சரி, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நிழலே கிடையாது.