மூன்றாவது குட்டிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: மணலிப் புதுநகரில் வீட்டுப் பின்புறம் மூன்று வெள்ளாடு வளர்க்கிறோம். ஒரு ஆடு முந்தாநாள் ராத்திரி மூன்று குட்டி போட்டது. இரண்டு துள்ளுகின்றன, ஒன்று எழுந்து நிற்கவே தடுமாறுகிறது. சீம்பால் குடித்தால் பேதியாகும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதால் பாதிக்கு மேல் கறந்து கொட்டிவிட்டோம். கடையில் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். எத்தனை மில்லி, எத்தனை வேளை?

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம், சகோதரி. விழுங்கவே தெம்பில்லாத குட்டியின் வாயில் டானிக்கை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். கடைக்காரர் குட்டியைப் பார்த்தா கொடுத்தார்? உங்கள் பர்ஸைப் பார்த்துக் கொடுத்தார்.

சுண்டு விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்து வையுங்கள். வாய் கதகதப்பானதும் தாயின் பாலைக் கறந்து 20 முதல் 25 மில்லி, இரவும் பகலும் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. கைக்குழந்தை மாதிரி மடியில் மல்லாத்திப் புகட்டாதீர்கள். நிற்க வைத்துக் கொடுங்கள். சூடு ஏறியும் சப்பவில்லையா, அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.

சீம்பால் விஷயத்தில் பாட்டியோடு சண்டை வேண்டாம், ஆனால் அடுத்த ஈற்றில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆட்டுக்குட்டி தாய் வயிற்றிலிருந்து எதிர்ப்புச் சக்தியோடு வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த சில மணி நேரம்தான் குடல் அதை நன்றாக உள்ளே வாங்கும், 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். ஒன்றரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் 150 மில்லி போயாக வேண்டும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: மடியில் காம்பு இரண்டு, குட்டி மூன்று, யார் குடிக்கிறார்கள், யார் முட்டித் தள்ளப்படுகிறார்கள்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆடு வைத்திருக்கிற எல்லாரிடமும் தராசு, தராசு என்று நச்சரிக்கிறேன். கொக்கி வைத்த டிஜிட்டல் கைத்தராசு ஒன்று வாங்குங்கள். குட்டியை மஞ்சப்பைக்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய, கொக்கியில் மாட்டுங்கள். இரண்டு உதை உதைக்கும், ஒரு கத்து கத்தும், அப்புறம் அடங்கிவிடும். எண் ஆடாமல் நின்றதும் பார்த்து, பையின் எடையைக் கழியுங்கள். தினமும் காலையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினால் போதும். முதல் நாள் எடை அப்படியே நின்றால் பரவாயில்லை. அதற்குப் பிறகு நாளுக்கு 50 கிராமாவது ஏற வேண்டும். துள்ளுகிற குட்டியும் சில சமயம் ஏறாமல் நிற்கும். அது படுத்துவிடுவதற்கு முன்பே தாள் காட்டிக் கொடுத்துவிடும். எடை நிற்கிற குட்டிக்குத்தான் புட்டிப்பால், மற்ற இரண்டையும் தாயிடமே விடுங்கள்.

ஈன்ற ஆடு பாவம் என்று கல்யாண மண்டபத்தில் மீந்த சோற்றைக் கூடையோடு கொட்டுகிற பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. செய்யாதீர்கள். சோறு வயிற்றில் புளித்து, அசை நின்று, பாலும் வற்றிப்போகும்; அப்புறம் மூன்றும் படுக்கும். தழையும் ஒரு கை பிண்ணாக்கும் கொடுங்கள். அடுத்த சினையில் கடைசி ஒன்றரை மாதம் தீவனத்தைக் கூட்டி, ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

டானிக் பாட்டிலின் சீல் உடையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். தராசு விலையில் பாதியாவது தேறும்.