இதயக் கீழறைத் துடிப்பு தாறுமாறானால்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வி.டி. வந்ததாக ரிப்போர்ட்டில் இருக்கிறது. வி.எஃப். என்பதும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. வி.டி. என்பது வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறை அதிவேகத் துடிப்பு), வி.எஃப். என்பது வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (கீழறை நடுக்கம்). இரண்டுமே இதயத்தின் கீழறைகளில், அதாவது வெண்ட்ரிக்கிள்களில் வருபவை. வி.டி.யில் கீழறை மேலிருந்து வரும் மின் உத்தரவுக்குக் காத்திராமல் தானாகவே வேகமாக அடிக்கும். நிமிடத்துக்கு 150, 200 கூடப் போகும். ரத்தம் நிரம்புவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் ரத்த அழுத்தம் சரியும். சிலர் வி.டி. ஓடும்போதே உட்கார்ந்து பேசுவார்கள். சிலருக்கு நாடியே கிடைக்காது. வி.எஃப்.பில் கீழறை துடிப்பதே இல்லை, நடுங்குகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். வி.டி.யைக் கவனிக்காமல் விட்டால் அது வி.எஃப். ஆக மாறலாம்.

அப்பாவுக்கு முன்பு மாரடைப்பு வந்திருக்கிறதா? அது இதயத் தசையில் விட்டுச்செல்லும் தழும்பைச் சுற்றி மின்சாரம் வட்டமடிப்பதுதான் வி.டி.க்கு மிகப் பொதுவான காரணம். ஆண்டுகள் கழித்தும் வரும்.

கேள்வி: எனக்கு அடிக்கடி ஒரு துடிப்பு விட்டுப்போய், அப்புறம் 'திடும்' என்று அடிக்கிறது. உயிருக்கு ஆபத்தா?

பதில்: எக்கோவும் (இதய ஸ்கேன்) ஈசிஜியும் சரியாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. கீழறையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு அது. ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். ஹோல்டர் சோதனையில் (உடலில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பதியும் ஈசிஜி) ஒரு நாளின் மொத்தத் துடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி இருந்தால் இதயத் தசை தளர வாய்ப்புண்டு, கண்காணிக்க வேண்டும். மருந்து போட்டு அடக்கிவிடலாமே என்று அவசரப்படாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெகெய்னைடு போன்ற மருந்துகளால் இந்தத் துடிப்புகளை அடக்கிப் பார்த்தபோது, துடிப்புகள் குறைந்தன, சாவுகள் கூடின. 1989இல் வெளியான அந்த முடிவு எங்கள் துறையையே உலுக்கியது.

கேள்வி: வீட்டில் ஒருவர் திடீரென்று சாய்ந்துவிட்டால்? ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து இதை வீட்டில் எல்லோரும் படியுங்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சைப் பார்த்து 'மூச்சு இருக்கிறது' என்று நின்றுவிடாதீர்கள். அது மூச்சே அல்ல. ஒருவர் அவசர உதவியைக் கூப்பிடட்டும். நீங்கள் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். நாடி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வி.எஃப்.பை நிறுத்துவது மின் அதிர்ச்சிதான். யாரும் அழுத்தாமல் இருந்தால், அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பக்கத்தில் ஏ.இ.டி. (யாரும் பயன்படுத்தக்கூடிய, மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி) இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். எப்படிச் செய்வதென்று அதுவே குரலில் சொல்லும், தேவையில்லாமல் ஷாக் கொடுக்காது.

கேள்வி: அம்மாவுக்கு ஐ.சி.டி. வைத்திருக்கிறார்கள். ஷாக் அடிக்கும்போது தொட்டால் எங்களுக்கும் அடிக்குமா?

பதில்: ஐ.சி.டி. என்பது உடலுக்குள் பொருத்தி, ஆபத்தான துடிப்பு வந்தால் தானே ஷாக் கொடுக்கும் கருவி. அப்போது தொட்டால் லேசான கூச்சம் தெரியலாம், ஆபத்தில்லை. பயப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஷாக், அப்புறம் அம்மா நன்றாக இருக்கிறார் என்றால் அன்றே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் போதும். ஒரே நாளில் இரண்டாவது ஷாக் வந்தால், அல்லது மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் ஐ.சி.டி.யை மனிதருக்குப் பொருத்தியது 1980இல். இன்றைய கருவிகள் பல வி.டி.களை ஷாக் இல்லாமலே, வலி தெரியாமல், வேகமாகத் தூண்டி நிறுத்திவிடுகின்றன.

கேள்வி: அண்ணன் மகள், 14 வயது, நீந்தும்போது மயங்கிவிட்டாள். 'சாப்பிடாமல் போனதால்' என்கிறார்கள். விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: விடவே கூடாது. ஓடும்போதோ நீந்தும்போதோ வரும் மயக்கத்தை, வேறு காரணம் நிரூபணமாகும்வரை, இதயப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட க்யூ.டி. (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை மின்ரீதியாக மீள அதிக நேரம் எடுப்பது) என்ற பரம்பரைக் கோளாறின் ஒரு வகை நீந்தும்போதுதான் வெளிப்படும். இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நீச்சலும் விளையாட்டும் வேண்டாம். ஈசிஜியில் க்யூ.டி. இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை சரியாக இருந்தால் மட்டும் போதாது, உடற்பயிற்சி ஈசிஜியும் தேவைப்படலாம். குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் மனநல மருந்துகளும் க்யூ.டி.யை நீட்டும், அதனால் எந்த மாத்திரையையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்தக் கோளாறு உறுதியானால் அவளுடைய உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும். பலருக்கு, அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையே நல்ல பாதுகாப்பு தருகிறது.